மலையில் விட்டுப் போனவர்கள்

போன மே மாதம் அம்மாவை ஊட்டிக்குக் கூட்டிப் போனேன். மலர்க் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. பூங்கா வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்ததுமே அம்மா, "பூவும் வேண்டாம், இந்த நெரிசலும் வேண்டாம் கண்ணு. எங்காச்சும் உக்கார இடமிருந்தா கூட்டிட்டுப் போ" என்றார். மே மாத ஊட்டியில் உட்கார இடமும் அமைதியும் சேர்ந்து கிடைப்பதாக எனக்குத் தெரிந்தது ஒரே இடம்தான். செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்துக்குப் பின்னால், சரிவில் ஏறிப் போகும் கல்லறைத் தோட்டம். கல்லூரியில் படித்த காலத்தில் பரீட்சைக்கு முந்தைய நாட்களில் அங்கேதான் போய் உட்காருவேன்.

அந்தச் சரிவில் பாசி பிடித்த கற்கள் வரிசை வரிசையாக நிற்கும். அவற்றில் சின்ன வயதில் போனவர்கள் நிறையப் பேர். கீழே வெயிலிலும் காய்ச்சலிலும் நொந்து, மலைக்காற்று பட்டால் தேறிவிடலாம் என்று நம்பி ஏறி வந்தவர்கள். அவர்களுக்கு நடுவே ஒரு தாயும் மகளும் இருக்கிறார்கள். ஹென்ரியட்டா சிசிலியா சல்லிவன், அவர் மகள் ஹாரியட். இருவரும் இறந்தது 1838ஆம் ஆண்டில்.

சல்லிவன் என்ற பெயர் நீலகிரிக்காரர்களுக்குப் புதிதில்லை. ஊட்டியை உருவாக்கியவர் ஜான் சல்லிவன் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுவோம். ஏரி அவர் வெட்டியது. ஊட்டியின் முதல் வீடு அவர் கட்டியது. உதகை 200 கொண்டாட்டத்தின்போது அவருக்குச் சிலையும் வைத்தார்கள். அந்த முதல் வீடு, கல் பங்களா, இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. அந்த வளாகத்தில்தான் மூன்று வருஷம் படித்தேன். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் தேவாலயம். வீட்டுக்கும் கல்லறைக்கும் நடுவே இருக்கும் அந்தக் கொஞ்ச தூரத்தை நான் எத்தனை நூறு தடவை நடந்திருப்பேன்! ஒரு தடவைகூட அந்த இரண்டையும் சேர்த்து யோசித்ததில்லை. அந்த வீட்டில் குடியிருந்த அம்மாதான் இங்கே படுத்திருக்கிறார் என்பது, ஊட்டியை விட்டு வந்து பல வருஷம் கழித்துப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அதிலிருந்து அந்தக் குடும்பம் என்னை விடவில்லை.

சல்லிவன் பிறந்தது லண்டனில், 1788ல். பதின்ம வயதிலேயே கிழக்கிந்திய கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்துவிட்டார். இன்றைக்குப் பள்ளி இறுதி வகுப்பில் இருக்கிற பையன் வயது. அந்த வயதில் வீட்டை விட்டுக் கப்பலேறினால் திரும்பிப் போய் அம்மாவைப் பார்ப்போமா என்பதே நிச்சயமில்லாத காலம். ஒவ்வொரு படியாக ஏறி 1815ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஆனார். நீலகிரி அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஒரு பகுதி. வரைபடத்தில் பெயர் இருந்தது, சமவெளியில் நின்றால் நீலமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். 1812ல் கீஸ், மெக்மஹோன் என்ற இருவர் நில அளவைக்காக ஒரு பகுதி ஏறிப் போயிருந்தார்கள். 1818ல் விஷ், கிண்டர்ஸ்லி என்று சல்லிவனின் உதவியாளர்கள் இருவர் ஏறிவிட்டு வந்து, மேலே குளிர்ந்த புல்வெளியும் ஓடைகளும் இருப்பதைச் சொன்னார்கள். கேட்டவருக்குக் கீழே இருப்புக் கொள்ளவில்லை.

1819 ஜனவரித் தொடக்கத்தில் டணாய்க்கன் கோட்டையிலிருந்து சல்லிவன் கிளம்பினார். அந்தக் கோட்டை இப்போது பவானிசாகர் அணைக்குள் மூழ்கிக் கிடக்கிறது. கோடையில் தண்ணீர் நன்றாக வற்றும் வருஷங்களில் அங்கிருந்த பழைய கோயில் தலைகாட்டும், சனங்கள் போய்ப் பார்ப்பார்கள். ஊட்டிக்குப் போன முதல் பெரிய பயணம் புறப்பட்ட இடம் இன்று தண்ணீருக்கு அடியில் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகும். அங்கிருந்து காடும் பாறையுமாகப் பல நாள் ஏறி, கோத்தகிரிப் பக்கம் திம்பட்டியை அடைந்தார்கள். அதே ஆண்டு லெஷனோ என்ற பிரெஞ்சு இயற்கையியலாளரும் ஏறிப் பார்த்தார். கீழே நோயில் வாடிய அந்த மனிதர் மேலே வந்து தேறினார் என்பது மலையின் புகழைக் கூட்டியது.

ஆனால் மலையில் சல்லிவன் முதன்முதலில் கட்டிய வீடு ஊட்டியில் இல்லை. கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கு என்ற படகர் ஊரில் இருக்கிறது. பெத்தக்கல் பங்களா என்பார்கள். இடிந்து போய்க் கிடந்ததைச் சீரமைத்து நினைவகம் ஆக்கியிருக்கிறார்கள். அப்புறம் சாலை. சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் ஏறும் முதல் பாதையை 1823 வாக்கில் முடித்தார்கள். லெப்டினன்ட் மெக்பர்சன் பொறுப்பில், சிறைக்கைதிகளை வைத்து வெட்டிய பாதை. சிறுமுகை என்ற பெயரை அதில் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் அம்மாவின் அப்பா, அப்பிச்சி, சிறுமுகைக்காரர். அவர் மலையேறிய கதைக்கு அப்புறம் வருகிறேன்.

1820ல் சல்லிவன் ஹென்ரியட்டா ஹாரிங்டனைத் திருமணம் செய்தார். இரண்டு வருஷம் கழித்து ஊட்டியில் கல் பங்களா வேலையைத் தொடங்கினார். 1823ல் குடும்பம் அங்கே குடிபோனது. மலைமேல் வந்து குடியமர்ந்த முதல் ஐரோப்பியப் பெண் என்று ஹென்ரியட்டாவைச் சொல்வார்கள். சல்லிவன் ஊரை உருவாக்கினார் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். அந்த ஊரில் அப்போது கடை இல்லை, மருத்துவர் இல்லை, தன் பேச்சைப் பேச இன்னொரு பெண் இல்லை. இருந்தது ஒரு வீடு. அதற்குள் ஒரு பெண்ணும் கைக்குழந்தைகளும். ஆண்கள் ஒரு இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அங்கே உலை வைத்துக் குடித்தனம் நடத்திக் காட்டுவது வேறு ஒருவர். நான் ஊட்டியின் தொடக்கத்தை நினைக்கும்போது கண்ணில் வருவது அந்த உலைதான்.

இன்று நாம் ஊட்டி என்று மனசில் வைத்திருக்கும் காட்சிகளில் பெரும்பாலானவை ஹென்ரியட்டா பார்த்ததில்லை. இதை நான் தேதி தேதியாகப் பொருத்திப் பார்த்தேன். கற்பூர மரம் மலைக்கு வந்தது 1843ல். தாவரவியல் பூங்கா உருவானது 1848ல், மெக்ஐவர் கையில். தேயிலை பெரிய அளவில் பரவியது அதற்கும் பிறகு. மலை ரயில் ஊட்டியைத் தொட்டது 1908ல். கற்பூர மர வாசனை இல்லாத, தேயிலை இல்லாத, ரயில் ஊதாத ஊட்டி. அப்படியானால் என்ன இருந்தது? புல்வெளி. கண்ணுக்கெட்டிய தூரம் அலை அலையாகப் புல்வெளி. மடிப்புகளில் மட்டும் கருத்த சோலைகள். அவலாஞ்சிக்கும் முக்குறுத்திக்கும் போகிறவர்கள் அந்தப் பழைய மலையின் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம்.

ஜூன், ஜூலை மாத ஊட்டியில் இருந்தவர்களுக்குத் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கத் தொடங்கினால் துவைத்த துணி நான்கு நாளானாலும் காயாது. அப்பிச்சி வீட்டில் கரிக் கணப்பின்மேல் கூடையைக் கவிழ்த்து அதில் துணியைப் போட்டுக் காயவைப்பார்கள். புகை நெடியோடு சட்டை போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போவேன். மார்கழி, தை வந்தால் விடிகாலைப் புல்லில் உப்புக் கொட்டியதுபோல் உறைபனி. குழந்தைக்குச் சளி பிடித்தால் ஒரு மாதம் விடாது. ஹென்ரியட்டாவின் நாட்களை எனக்குக் கற்பனை செய்யத் தெரிந்தது இந்த வழியில்தான். எவ்வளவு பெரிய துரைசாணியாக இருந்தாலும் மழைக்கும் ஈரத்துணிக்கும் எல்லாத் தாய்மார்களும் ஒன்றுதான்.

இந்தப் பக்கம் சல்லிவன் ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தார். தினமும் வெப்பநிலை குறித்து வைத்தார். உருளைக்கிழங்கு, பார்லி, சீமைக் காய்கறிகள், பழமரங்கள் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஊட்டி உருளைக்கிழங்கு என்று நாம் கேட்டு வாங்குகிறோமே, அதன் தொடக்கம் அந்தத் தோட்டம். 1823க்கும் 1825க்கும் நடுவில் ஓடைகளை மறித்து ஏரியை உண்டாக்கினார். அப்போது ஏரி இப்போதைவிட ரொம்பப் பெரிது. பேருந்து நிலையமும் குதிரைப் பந்தயம் நடந்த மைதானமும் இருக்கிற இடமெல்லாம் தண்ணீர் நின்ற இடம். பேருந்திலிருந்து இறங்கி நாம் காலை வைப்பதே ஏரியின் தரையில்தான்.

சரி, இவர் ஊட்டியின் ஆரம்பக் குடியா என்று கேட்டால், இல்லை. அதை அவரே ஒப்புக்கொண்டவர் என்பதால்தான் எனக்கு அவர்மேல் மரியாதை. ஊரின் பெயரே மலையின் பழங்குடிகளான தோடர்களின் மந்திலிருந்து, அதாவது அவர்கள் குடியிருப்பிலிருந்து, வந்தது. ஒத்தக்கல் மந்து என்பதைத்தான் வெள்ளைக்காரர்கள் வாய்க்கு வந்தபடி எழுதி எழுதி ஊட்டகமண்டில் கொண்டுவந்து விட்டார்கள்; தமிழில் அது உதகமண்டலம் ஆனது. தாவரவியல் பூங்காவுக்கு மேலே இன்றும் ஒரு மந்து இருக்கிறது. தோடர்களுக்கு இந்த மலையின் ஒவ்வொரு மேடும் ஓடையும் தெய்வமும் கதையும் உள்ள இடம். இறந்தவர்கள் முக்குறுத்திச் சிகரத்தைத் தாண்டி மேற்கே இருக்கும் மறு உலகத்துக்குப் போகிறார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. மலை அவர்களுக்கு வாழ்கிற இடம் மட்டுமில்லை, போகிற வழியும் அதுதான்.

இந்த நிலம் முழுவதும் தோடர்களுக்கு உரியது, குடியேறுகிற யாரானாலும் அவர்களுக்கு ஈடு கொடுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று சல்லிவன் அரசாங்கத்தோடு வாதாடினார். கல் பங்களா நிலத்துக்கே தோடர்களுக்கு ஏக்கருக்கு ஒரு ரூபாய் கொடுத்தார் என்று சொல்வார்கள். இதைக் கேட்டு உடனே அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடவும் எனக்கு மனசில்லை. ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்பது விலையா? ஊட்டிப் பள்ளத்தாக்கில் பெரிய நிலக்காரரும் அவரேதான். விற்க வேண்டுமா என்று முடிவுசெய்யும் நிலையில் தோடர்கள் இருந்தார்களா என்பதையும் யோசிக்க வேண்டும். ஆனாலும், நிலத்துக்குச் சொந்தக்காரன் என்று ஒருவன் இருக்கிறான், அவனைக் கேட்க வேண்டும் என்று எழுத்தில் வைத்த கம்பெனி அதிகாரிகள் அந்தக் காலத்தில் எத்தனை பேர்? அந்த எழுத்துக்காக அவர் விலையும் கொடுத்தார்.

1827ல் மதராஸ் கவர்னராக வந்த லஷிங்டனுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஊட்டி, நோயுற்ற படைவீரர்கள் தங்கித் தேறும் இடமாக வேண்டும் என்பது கவர்னரின் எண்ணம். சல்லிவன் கையிலிருந்த ஊரை ஒரு ராணுவ அதிகாரியிடம் ஒப்படைத்தார். சல்லிவனின் கோத்தகிரிப் பாதை இருக்க, குன்னூர் வழியாக வேறு பாதை போடச் செய்தார். மலையின் பெரும்பகுதியைக் கோயம்புத்தூரிலிருந்து பிரித்து மலபாரோடு சேர்த்தார்கள். பத்து வருஷம் பாடுபட்டு உண்டாக்கிய ஊரில், தன் சொல்லுக்கு மதிப்பில்லாமல் நிற்பது எப்படி இருந்திருக்கும்? 1830ல் சல்லிவன் கலெக்டர் பதவியை விட்டுவிட்டு இங்கிலாந்துக்குப் போனார்.

அதோடு போயிருந்தால் கதை வேறு. சில வருஷங்களில் திரும்பி வந்தார். இந்தத் தடவை மதராஸில் ரெவின்யூ போர்டில் உயர்ந்த பதவி. குடும்பம் மறுபடி மலைக்கு வந்தது. 1838ல் ஹென்ரியட்டா இறந்தார். மகள் ஹாரியட்டும் அதே ஆண்டில் போய்விட்டாள். அப்பா அம்மாவுக்குத் திருமணம் நடந்ததே 1820ல். ஆகவே அந்தப் பெண்ணுக்கு மிஞ்சிப்போனால் 18 வயதுக்குள்தான். கல்யாணப் பேச்சு நடக்கிற வயது. சல்லிவனுக்கு ஐம்பது.

அவர்களை வைத்த இடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்துக்கு 1829 ஏப்ரல் 23 அன்று அடிக்கல் நாட்டியவர் அதே லஷிங்டன். கேப்டன் அண்டர்வுட் கட்டினார். 1830 நவம்பரில் கல்கத்தா பிஷப் புனிதப்படுத்தினார். அடுத்த ஈஸ்டரில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். கூரையைத் தாங்கும் பெரிய உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால்பாக் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்தவை. தோற்ற ராஜாவின் வீட்டு மரம், தன்னை ஒதுக்கிய கவர்னர் வைத்த கல். அதன் நிழலில்தான் சல்லிவன் மனைவியையும் மகளையும் மண்ணுக்குக் கொடுத்தார். ஊர் இன்றுவரை போட்டோ எடுத்துக்கொள்ளும் அந்த வெளிர்மஞ்சள் தேவாலயத்துக்குப் போகிறவர்கள் தயவுசெய்து பின்பக்கமும் ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மூன்று வருஷம் கழித்து, 1841ல், சல்லிவன் இந்தியாவை விட்டே போய்விட்டார். திரும்பி வரவே இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் நெடுநாள் ஒரு கோபம் இருந்தது. இந்த மழையில், இந்தக் குளிரில், இரண்டு பேரையும் இப்படி விட்டுவிட்டு எப்படிக் கப்பலேற முடிந்தது? கோபத்துக்குக் காரணம் அப்பிச்சி.

அப்பிச்சி 1940களில் சிறுமுகையிலிருந்து ஊட்டிக்கு ஏறினார். தறிக்குடும்பம். துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எஸ்டேட் லைன்களுக்கும் படகர் ஊர்களுக்கும் போய் விற்பார். ஒரு மாதம் மலையில், ஒரு வாரம் கீழே. பிறகு காந்தலில் ஒரு அறை பிடித்து அவர் மனைவி, அமுச்சியையும் கூட்டி வந்தார். நாலு காசு சேர்ந்ததும் ஊருக்கே திரும்பிவிடுவது என்று ஏற்பாடு. முதல் பிள்ளை பெண். மூன்று வயதில், ஆடி மாத மழையில், நெஞ்சுச்சளி கட்டி இறந்துபோனது. காந்தல் பக்கத்து மயானத்தில் புதைத்தார்கள். அதற்கு அடுத்த வருஷம்தான் என் அம்மா பிறந்தார். பார்க்காத அக்காவின் பெயரை அம்மாவுக்கும் வைத்துவிட்டார்கள்.

சிறுமுகையிலிருந்து பெரியவர்கள் வந்து, இந்தக் குளிர் உங்களுக்கு ஆகாது, கீழே வந்துவிடு என்று கூப்பிட்டார்களாம். அப்பிச்சி போகவில்லை. "ஒண்ண இந்த மண்ணுக்குக் குடுத்தாச்சு. இனி இதுதான் நம்ம ஊரு" என்று சொல்லிவிட்டாராம். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடமான வாக்கியம் இது. மார்க்கெட்டில் ஒரு சின்னத் துணிக்கடை போட்டு நாற்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்து, அங்கேயே இறந்தார். ஒரு ஊருக்குக் குடி ஆவது என்றால் இதுதான் என்று நான் நினைத்திருந்தேன். பட்டா, ரேஷன் கார்டு எல்லாம் அப்புறம். நம்முடைய ஒருவரை அங்கே மண்ணில் வைத்துவிட்டு, அவர்களை விட்டுப் போக மனமில்லாமல் இருப்பது. அந்தக் கணக்கில் அப்பிச்சி ஊட்டிக்காரர், சல்லிவன் வந்து போனவர்.

பிறகு சல்லிவன் இங்கிலாந்தில் என்ன செய்தார் என்று தேடிப் படித்தேன். கோபம் கொஞ்சம் இறங்கியது. ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டு அவர் சும்மா இருக்கவில்லை. சதாரா சமஸ்தானத்தைக் கம்பெனி விழுங்கியபோது, அது தவறு என்று கம்பெனிப் பங்குதாரர்கள் கூடிய அவையிலேயே பேசினார். இந்திய அரசர்களோடு போட்ட உடன்படிக்கைகளை மீறக்கூடாது என்று எழுதினார். 1853ல் அவர் எழுதிய ஒன்று வரலாற்றுப் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு சமஸ்தானம் விழுந்தால் அதன் அரசவை மறைகிறது, வணிகம் வாடுகிறது, தலைநகர் பாழாகிறது, மக்கள் ஏழையாகிறார்கள். ஆங்கிலேயன் மட்டும் தழைத்து, பஞ்சுபோல் கங்கைக் கரையில் செல்வத்தை உறிஞ்சி தேம்ஸ் கரையில் பிழிந்துவிடுகிறான் என்பது அதன் சாரம். அந்தப் பஞ்சின் ஒரு இழையாகத் தன் இளமை முழுவதும் இருந்தவர் எழுதியது. வெளியே இருந்து திட்டுவது சுலபம். தன் வாழ்நாள் வேலையையும் சேர்த்து எடைபோட்டு இப்படி எழுதத் துணிவு வேண்டும்.

1855 ஜனவரி 16ல் இறந்தார். வயது 66. ஸ்லவ் ஊரில் அப்டன் என்ற இடத்தில் செயின்ட் லாரன்ஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல் அடக்கமாகியிருப்பதும் அதே தேவாலயத்தில்தான். ஹெர்ஷலைத் தேடி உலகமே வந்து போனது. சல்லிவனின் கல்லறை எங்கே என்று ஊட்டிக்காரர்களுக்கே நெடுநாள் தெரியாது. கன்னேரிமுக்கு நினைவகத்தை நடத்தும் நீலகிரி ஆவண மையத்தினர்தான் பிற்காலத்தில் தேடிக் கண்டுபிடித்தார்கள். கணவர் அங்கே, மனைவியும் மகளும் இங்கே. நடுவே கடல்.

இன்னொரு செய்தி உண்டு, அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சல்லிவனின் மகன் ஹென்றியும் இந்தியாவில் அதிகாரியாகி, பிற்காலத்தில் கோயம்புத்தூருக்கே கலெக்டராக வந்தார். அப்பா உட்கார்ந்த நாற்காலி. மலபாரிலிருந்து 1843ல் திரும்பி வந்த நீலகிரி அதற்கப்புறம் மறுபடி கோயம்புத்தூரோடுதான் இருந்தது. 1868ல்தான் தனியாகப் பிரித்தார்கள். அம்மாவும் சகோதரியும் உறங்கும் மலைக்குக் கீழே அந்த மகன் அதிகாரியாக இருந்தார். கோயம்புத்தூரில் நின்று வடமேற்கே பார்த்தால், வானம் தெளிந்த நாட்களில், மலை தெரியும்.

இதையெல்லாம் அந்த மே மாத மதியத்தில் கல்லறைத் தோட்டப் படியில் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுக்கொண்டே கை அது பாட்டுக்குப் பக்கத்துக் கல்லை ஒட்டி வளர்ந்திருந்த புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. யாருடைய கல்லென்று அவர் பார்க்கவில்லை.

"அந்தப் புள்ளைக்கு என்ன வயசுன்ன?"

"பதினெட்டுக்குள்ளதான்ம்மா."

"அந்த மனுசன் அப்புறம் வந்து பாக்கவே இல்லையா?"

"இல்ல. 1841ல போனவர்தான்."

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். அப்பிச்சியாக இருந்தால் இப்படி விட்டுப் போயிருக்க மாட்டார், அவர் மகளுக்காக இந்த ஊரிலேயே இருந்தார் இல்லையா என்று. அம்மா பதில் சொல்லவில்லை. பிடுங்கிய புல்லை ஒரு ஓரமாகக் குவித்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மேகம் இறங்கத் தொடங்கியிருந்தது. கீழே இறங்கி பேருந்து நிலையத்துக்குப் போனோம். கோத்தகிரி வழி பேருந்தில் ஜன்னல் ஓரம் கிடைத்தது.

தொட்டபெட்டா பிரிவு தாண்டியதும் அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

"எங்கப்பா அந்த மயானத்துக்கு ஒருக்காகூடப் போனதில்ல கண்ணு. வீட்டுலருந்து கால்மணி நேரம் நடந்தாப் போதும். யாராச்சும் செத்துப்போனா, எல்லாரோடயும் பாதி வழி வரைக்கும் போவாரு. அப்புறம் கடையில வேலை இருக்குதுன்னு திரும்பிடுவாரு. நாப்பது வருசமும் அப்படித்தான். அம்மாதான் வருசா வருசம் ஆடி மாசத்துல என்னைக் கூட்டிட்டுப் போவாங்க. போயிட்டு வந்தோம்னு அவருகிட்ட சொல்ல மாட்டோம். அவரும் கேக்க மாட்டாரு. அன்னிக்கு ராத்திரி மட்டும் கணப்புல கரியை நிறையப் போட்டு, விடியற வரைக்கும் அணையாம பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு."

பேருந்து கோத்தகிரியைத் தாண்டி வளைவுகளில் இறங்கத் தொடங்கியது. அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். கீழே சிறுமுகைப் பக்கம் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன.